நாலாம் பாட்டில் மூச்சு விட்டது யார்

செத்துப்போன ஒருவர் எங்கள் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு மூச்சு விடுகிறார் என்று நான் நம்பினேன். ஒரு நிமிடப் பதற்றத்தில் நம்பியதாக நினைக்காதீர்கள். ஒன்பது நாள் முழுசாக நம்பினேன். அந்த ஒன்பது நாளில் மொட்டை போட்டேன். செத்தவர் பேரில் ஆறு பேருக்கு இலை போட்டேன். இடது கையில் ஒரு கறுப்புக் கயிறு, வலது கையில் ஒரு சிவப்புக் கயிறு, இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொள்ளக் கூடாதே என்று இடுப்பில் ஒரு மஞ்சள் கயிறு. சட்டையில்லாமல் நின்ற என்னைப் பார்த்து என் வீட்டுக்காரி, "பார்சல் எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டாள்.

இதை இப்போது எழுதக் காரணம் வினோத். தாயில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், என் பழைய இடத்தில் இப்போது இருப்பவர். போன வாரம் போன் பண்ணினார்.

"அண்ணே, 'வெள்ளைப் புகை' கேட்டிருக்கீகளா?"

"புகையை எங்கலே கேக்குறது, பாக்கத்தான முடியும்."

"ஆல்பம்ணே. நம்ம கம்பெனிக்கு லேபிள் டிசைன் போட்ட ராஜேஷ் அண்ணன் முன்ன போட்டதாம்ல. நெட்டுல ஒருத்தர் பெருசா எழுதியிருக்காரு. புராகிரஸிவ் த்ராஷ் மெட்டல்ல நம்ம பக்கத்து ஆரம்பகால ஆல்பமாம். பலம் இது, பலவீனம் இதுன்னு பிரிச்சு மேஞ்சிருக்காரு. அதுக்குக் கீழ அம்புட்டுப் பேரும் ஒரே சண்டை. நாலாம் பாட்டு நடுவுல ஒரு மூச்சுச் சத்தம் வருதுல்ல, அது யாரு மூச்சுன்னு."

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா? நன்றி சொல்ற இடத்துல 'சத்தக்கார அண்ணனுக்கு'ன்னு போட்டிருக்கு. கம்பெனில கேட்டா அது நீங்கதான்னு சொல்றாக."

நான்தான். இடது காது மக்கர் பண்ணியதால் ஐம்பத்தாறிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். திருத்தங்கலில் என் வீட்டு வாசலில் பஸ் ஹாரன் அடித்தால் வலது பக்கம் மட்டும்தான் திடுக்கிடுகிறேன். ஆனால் அந்த ஆல்பம் பதிவானபோது எனக்கு இரண்டு காதும் இருந்தன. வினோத்துக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் வெடி செய்கிறவர்கள் நிறையப் பேர். வெடித்துப் பார்க்கிறவன் ஒருத்தன். அந்த ஒருத்தனாக நான் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பெட்டி என்னிடம் வரும். மேலே இருப்பதை எடுக்கக் கூடாது, அது பார்ப்பவர்களுக்காக அடுக்கியது. அடியில் இருப்பதையும் எடுக்கக் கூடாது, அது நசுங்கியது. கையை நடுவில் விட்டு, பார்க்காமல் உருவ வேண்டும். மைதானத்து நடுவில் சிமெண்டுத் தளம். அதிலிருந்து நாலு மீட்டர் தள்ளி, முக்காலியில் சத்தம் அளக்கிற மீட்டர். நீள ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடக் கூடாது. ஓடினால் நம் மூச்சே நம் காதை அடைத்துவிடும். நிதானமாக நடந்து வந்து, வெடிக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து கால் பெருவிரலைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கால் பெருவிரல் சங்கதியைச் சொல்லிக் கொடுத்தவர் மாரியப்பன் அண்ணன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். "வெடியைப் பாக்காத. வெளிச்சம் பெருசாத் தெரிஞ்சா, சத்தமும் பெருசுன்னு மனசு சொல்லிப்புடும். காலைப் பாரு, காதைத் தொறந்து வையி." அவரிடம் இருந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வேலையில் கற்க ஒன்றும் இல்லை. அவருக்கு ஆஸ்துமா. இரண்டு குட்டை மூச்சு, பிறகு விசில் கலந்த ஒரு நீள மூச்சு. ஹக், ஹக், ஹீ. திரி எரிகிற நேரத்து அமைதியில் மைதானத்தில் அது மட்டும்தான் கேட்கும். உடம்பெல்லாம் தைலம் மணக்கும். பதினாலாம் ரூமில் கடையிலிருந்து திரும்பி வந்த சரக்கைப் பிரித்தபோது தீப்பிடித்தது. கூட இருந்த இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். புகைக்குள் இவருக்கு மூச்சு கிடைக்கவில்லை.

சோதனை நோட்டில் நான் எழுதுவது நான்கே வார்த்தைகள். தெளிவு என்றால் ஒரே அடியாக, சுத்தமாக வெடித்தது. மந்தம் என்றால் சத்தம் உண்டு, உதை இல்லை. இரட்டை என்றால் ஒரு வெடிக்குள் இரண்டு சத்தம், கட்டினதில் கோளாறு. புஸ் என்றால் புஸ்.

ராஜேஷ் என்னைத் தேடி வந்ததற்கு இந்த நோட்டுதான் காரணம். லேபிள் மாதிரிகளைக் காட்டக் கம்பெனிக்கு வரும்போதெல்லாம் மைதானத்து ஓரத்தில் நின்று நான் சத்தத்துக்கு மார்க் போடுவதைப் பார்ப்பான். இருபத்தைந்து வயது, முதுகு வரை முடி. ஒருநாள் கிட்ட வந்தான்.

"அண்ணே, நாங்க மூணு பேரு ஒரு பேண்டு வச்சிருக்கோம். நான் கிட்டாரும் குரலும், டேனியல் டிரம்ஸு, குமரேசன் பேஸு. எங்க சத்தத்தைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணுங்கண்ணே."

"என்ன ரகம்?"

"த்ராஷ் மெட்டல்ணே. அதுல புராகிரஸிவ்."

"ஏலே, எனக்குத் தெரிஞ்ச ரகத்துல சொல்லு."

யோசித்துவிட்டுச் சொன்னான்: "சரவெடிண்ணே. ஆனா நேரா வெடிச்சுட்டுப் போகாது. நடுவுல நிக்கும், திரும்பும், வேற கணக்குல வெடிக்கும்."

இதைவிடத் தெளிவாக அந்த இசையை விளக்கி நான் இன்னும் ஒரு வரி படிக்கவில்லை.

அவர்களுக்கு வாசிக்க இடம் இல்லை. திருத்தங்கலில் எந்தத் தெருவில் வாசித்தாலும் ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்து புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். என்னிடம் ஒரு சாவி இருந்தது. பதினாலாம் ரூமின் சாவி. மாரியப்பன் அண்ணனுக்குப் பிறகு அந்தப் பழைய பக்கத்தில் வேலை நடப்பதில்லை. நான்கு வாசல், தடிச்சுவர், தகரக் கூரை, மூலையில் உடைந்த மரத்தட்டுகள் ஆள் உயரத்துக்கு. என் மீட்டரையும் முக்காலியையும் அங்கேதான் வைப்பேன். "உள்ள குண்டுமணி அளவு வெடிமருந்து கிடையாது, நான் பொறுப்பு" என்று சொல்லி, மேனேஜருக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டேன். தெரிந்தால் வேலை போய்விடும். லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வெளியே, ஒயர் மட்டும் உள்ளே. நடுவில் ஒரு ஸ்டூலில் கையடக்க ரெக்கார்டர் ஒன்று. மூன்று பேரும் ஒன்றாக வாசிப்பார்கள், அது கேட்டதுதான் ஆல்பம். நான் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கால் பெருவிரலைப் பார்ப்பேன்.

ஏழு பாட்டு. நெட்டில் எழுதியவர் அவர் கணக்குக்கு எழுதட்டும், என் நோட்டில் இருந்தது இது.

முதல் பாட்டு, தெளிவு. டேனியலின் கால்தான் அந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. ஆயிரம் வாலாவில் ஒரு வெடி பிந்தினால் எனக்கு வயிற்றில் தெரியும். அந்தப் பாட்டு முழுக்க இரண்டு பெடலிலும் அவன் கால் ஓர் இடத்தில்கூடப் பிந்தவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அவர்கள் நிறுத்துவது. ஓடுகிற ஓட்டத்தில் மூன்று பேரும் ஒரே வெட்டாக நிற்பார்கள். ஒன்று, இரண்டு எண்ணும் அளவுக்கு ஒன்றும் இருக்காது. பிறகு விட்ட இடத்துக்குப் பக்கத்து இடத்தில் ஆரம்பிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆளுக்குச் சத்தம் பழகிப்போனது. சத்தம் நின்றதும் வருகிறதே, அது பழகவே பழகாது. இதை அந்தப் பையன்கள் தெரிந்தே பயன்படுத்தினார்கள்.

இரண்டாம் பாட்டு, இரட்டை. இரட்டை கூட இல்லை, ஆறு. ஆறு பாட்டைப் பிய்த்து ஒன்றாகத் தைத்தது. ஒரு மெட்டு காதில் உட்காரும் முன்னே அடுத்தது வந்து எழுப்பிவிடும். "என்னலே இது, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டேன். ராஜேஷுக்கு இரண்டு நாள் கோபம். ஆரம்பகாலத்து ஆட்களின் வியாதி இது. அடுத்த ஆல்பம் வருமோ வராதோ என்று இருப்பதையெல்லாம் ஒன்றிலேயே கொட்டிவிடுவது.

மூன்றாம் பாட்டு ஏழு எண்ணி ஒரு சுற்று. காலையில் வருகைப் பதிவேட்டில் பேர் கூப்பிடுவதுதான் பாட்டு. ஒவ்வொரு பேருக்கும் டிரம்ஸ் ஓர் அடி பதில் சொல்லும். ஒரு பேருக்கு மட்டும் பதில் வராது. அந்த அடி விழாத இடத்தில் பாட்டு திரும்பி அதே பேரை மறுபடி கூப்பிடும். நான் வாசலிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

பலவீனம் எல்லாப் பாட்டுக்கும் பொது. குமரேசனின் பேஸ் ரெக்கார்டருக்குக் கேட்கவே இல்லை. அவன் பேசினாலும் கேட்காது என்பது வேறு. டேனியலின் சிம்பல் கிட்டாரை முழுங்குகிறது. ராஜேஷின் குரல் முதல் வரியில் எந்த உயரத்தில் கத்துகிறதோ அதே உயரத்தில் கடைசி வரியிலும் கத்துகிறது. சத்தம் பெரிசாக இருப்பது வேறு, வலுவாக இருப்பது வேறு. பெரிய சத்தத்தில் பாதி மந்தம்தான். ஏழாம் பாட்டுக்கு முடியத் தெரியவில்லை. மூன்று தடவை முடிந்து மூன்று தடவையும் ஆரம்பிக்கிறது. கல்யாண வீட்டில் விடைபெறுகிற என் மச்சினன் மாதிரி.

ஐந்தும் ஆறும் தெளிவு. மிச்சம் நாலாம் பாட்டு. வேகமாக ஆரம்பித்து, நடுவில் எல்லாம் அடங்கி, ஒன்றரை நிமிடம் கிட்டாரில் ஒரே கம்பி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். பிறகு மறுபடி புயல். அந்த ஒன்றரை நிமிடம் சரியாக வந்தால் ஆல்பமே எழுந்து நிற்கும், இல்லையென்றால் எல்லாம் புஸ். ராஜேஷுக்கும் அது தெரியும். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி கேட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தது. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். மற்ற ஆறும் ரெக்கார்டரில் பத்திரமாக இருந்தன. நாலாம் பாட்டுக்கு அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்றைக்கு வெயில் ஒரு மாதிரி வெள்ளையாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழை தரையிலிருந்து ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு முதல் தடவை வாசித்தார்கள். டேனியல் ஓர் இடத்தில் முந்திவிட்டான். பதினொன்றரைக்கு இரண்டாவது. ராஜேஷின் கம்பி அறுந்தது. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு மூன்றாவது. வாசலில் உட்கார்ந்து கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"வந்துருச்சுலே!" என்றேன். ராஜேஷ் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான்.

புயல் அடங்கியது. ஒரு கம்பி. அமைதி. அந்த அமைதிக்குள்,

ஹக், ஹக், ஹீ.

"யாருலே மூச்சு விடுறது?"

"நாங்க மூணு பேரும்தான்ணே. நிறுத்திக்கிறணுமா?" என்றான் டேனியல்.

"வெளாடாத. யாருக்குலே ஆஸ்துமா?"

ஒருத்தனுக்கும் இல்லை. ராஜேஷ் ஹெட்போனை வாங்கிக் கேட்டான். அவன் முகம் மாறியது. பன்னிரண்டே முக்கால் பதிவை நிறுத்திவிட்டு, பதினொன்றரைப் பதிவின் அதே இடத்தைப் போட்டான். அதிலும் இருந்தது, கொஞ்சம் தள்ளி. பத்து மணிப் பதிவைப் போட்டான். உன்னிப்பாகக் கேட்டால் மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பது மாதிரி மெல்லிசாக. மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். பத்து மணிக்குத் தூரத்தில் இருந்தவர் பதினொன்றரைக்கு வாசலுக்கு வந்திருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்டூலுக்குப் பக்கத்தில்.

"மாரியப்பண்ணன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதுவும் ஹீ என்று வந்தது.

ராஜேஷுக்குப் பயம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் கண் மின்ன ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, இது கெடைக்காதுண்ணே! இதைத் தேடி ஆளுக எங்கெங்கயோ அலையிறாக! இது அப்படியே இருக்கட்டும்."

"ஏலே, அது ஆளுலே!"

"ஆளுன்னா பேரு போட்டுருவோம்ணே, கூடப் பாடினவருன்னு."

சத்தம் எங்கிருந்து வருகிறது, இன்னும் கிட்டப் போய் எடுக்கலாமா என்று ராஜேஷ் ஹெட்போனோடு ரெக்கார்டரைக் கையில் ஏந்திக்கொண்டு ரூமைச் சுற்றி வந்தான். கிழக்கு வாசல், இல்லை. வடக்கு வாசல், இல்லை. மரத்தட்டு மூலைக்கு வந்ததும் நின்றான். "இங்கன இருக்காருண்ணே" என்று குசுகுசுத்தான். வா என்று கையைக் காட்டினான். போகக் கூடாது என்று தெரிந்தும் போனேன். என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே போனேன், அது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மூலையில் மூக்கைத் துளைக்கிற காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. "வவ்வால் மூத்திரம்ணே" என்றான் டேனியல் பின்னாலிருந்து. எனக்கு அது தைலமாகத்தான் மணந்தது. ராஜேஷ் ஹெட்போனை எனக்கு மாட்டி, ரெக்கார்டரை என் கையில் கொடுத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினான். மூச்சு இப்போது காதுக்குள் இருந்தது. குட்டை, குட்டை, நீளம். குட்டை மூச்சுகள் வேகமாகிக்கொண்டே வந்தன. ஓடி வந்த ஆளுக்கு வாங்குகிற மாதிரி. நடுவில் சளி உடைகிற மாதிரி ஒரு 'புளுக்'. பிறகு ஒரு கணம் மூச்சே இல்லை.

அந்த ஒரு கணம்தான். நான் ஓடினேன்.

வீரன் மாதிரி "எல்லாரும் வெளிய வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடியதாகப் பின்னால் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை, இப்போது மறுக்கிறேன். நான் சொன்னது "அம்மா". அதையும் மூன்று நீளத்துக்குச் சொன்னேன். தலையில் ஹெட்போன், கையில் ரெக்கார்டர். வேட்டி முதல் வாசலிலேயே என்னை விட்டுப் போய்விட்டது. திரி பற்றவைத்தால் ஓடக் கூடாது என்று புதுசாக வந்த எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்தவன், சிமெண்டுத் தளத்தைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, பட்டாபட்டி டிராயரோடு கருவேலங்காட்டைப் பார்த்து ஓடினேன்.

எனக்குப் பின்னால் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். என் மேல் உள்ள அக்கறையில் அல்ல. அவர்களுடைய ஏழு பாட்டும், நான்கு ஞாயிற்றுக்கிழமையும் என் கையில் இருந்தன.

"அண்ணே, ரெக்கார்டரைப் போட்டுட்டு ஓடுங்கண்ணே!"

"போட்டுறாதீகண்ணே, ஒடைஞ்சுரும்! வச்சுட்டு ஓடுங்க!"

"யோவ், நில்லுய்யா!" இது குமரேசன். அவன் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

கருவேல முள்ளில் குப்புற விழுந்தேன். ரெக்கார்டரை வயிற்றுக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். கொடுத்தால் மாரியப்பன் அண்ணனையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன் என்றோ, கொடுக்காவிட்டால் அவர் என்னோடு வந்துவிடுவார் என்றோ, என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ராஜேஷ் என் முதுகில் ஏறி உட்கார்ந்து கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். டேனியல் காலைப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தான். அப்போது தரை ஒரு முழம் நகர்ந்தது.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. தகரக் கூரை முழுசாக மேலே போய், வெயிலில் ஒரு தடவை மின்னி, மைதானத்தில் நான் தினமும் நிற்கும் இடத்தைத் தாண்டி வந்து விழுந்தது. டேனியலின் டிரம், தேவாலயத்தில் கடன் வாங்கியது, எங்கள் தலைக்கு மேல் உருண்டு போனதாக அவன் சொல்கிறான். நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பதினாலாம் ரூம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை நின்றுகொண்டிருந்தது. அது கலையாமல், அவசரப்படாமல் நின்றது. நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் தொட்டதற்காக வெட்கப்பட்டோம்.

என் போன் அடித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வெடிச்சத்தம் தூரத்தில் கேட்டால், ஜனங்கள் மாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் வேலைக்குப் போன சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போடுவார்கள். அந்த நேரத்தில் யாரும் ஹலோ சொல்வதில்லை.

"இருக்கீகளா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"இருக்கேன்."

வைத்துவிட்டாள். அடுத்த ஆளுக்குப் போட வேண்டும் அல்லவா.

ஆல்பத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். டிரம் போனதால் மறுபடி எடுக்க வழி இல்லை. திங்கட்கிழமை ராஜேஷ் பன்னிரண்டே முக்கால் பதிவைத்தான் மற்ற ஆறோடு அனுப்பினான், மூச்சோடு. அதற்குப் பின் எடுத்த மூலைப் பதிவில் என் அலறலும் இருந்தது. அதைச் சேர்க்கவில்லை. கேட்ட வரைக்கும் சொல்கிறேன், அத்தனை பதிவிலும் குரலில் ஏற்ற இறக்கம் இருந்த ஒரே இடம் அதுதான். சென்னைக் கம்பெனி கொஞ்சம் பிரதி போட்டது. நெட்டில் எழுதியவர் அந்த மூச்சை ஆல்பத்தின் பெரிய பலம் என்கிறார். பதிவின் தரத்தைப் பெரிய பலவீனம் என்கிறார். இரண்டும் ஒரே ரெக்கார்டர், ஒரே ரூம் என்பது அவருக்குத் தெரியாது.

இனி மேனேஜர். சங்கரலிங்கம் அண்ணாச்சி. மெலிந்த ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஒரு துணி, கண்ணாடி துடைக்க. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதிரில் நிற்கிறவன் குரலை உயர்த்தினால், அவன் குரல் இறங்கும் வரை அவனை நோக்கி ஓர் எட்டு, இன்னோர் எட்டு என்று நடந்து வருவார். மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்தில் யாரால் கத்த முடியும். தப்புச் செய்தவனை அவர் "ஏன் செய்தாய்" என்று கேட்க மாட்டார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "பல்லு வெளக்குனதுல இருந்து சொல்லுங்க" என்பார். அந்த நாளை, செய்த வரிசையில், ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் அவர் கேட்கும் ஒரே கேள்வி "அப்புறம்?" முன்பு ஒரு தடவை திரி அறுக்கும் கத்தி காணாமல் போனபோது, ஸ்டோர்க்காரர் குளித்தது, தோசை தின்றது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, கத்தியைத் தன் சொந்தப் பையில் வைத்த இடத்தில் தானாகவே அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசியிலிருந்து பைக்கில் வந்து இறங்கிய அண்ணாச்சி, டிராயரோடு நின்ற என்னைப் பார்த்தார். "எத்தனை பேரு?" என்றார். நாலு என்றேன். எங்களை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். தன் தோள் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் புகையை நோக்கிப் போனார். அவ்வளவுதான்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். நான் என் பங்குக்கு மாரியப்பன் அண்ணன் வந்து மூச்சுவிட்டு எங்களை விரட்டிக் காப்பாற்றிய கதையை டீக்கடை, சலூன், வேன் என்று எல்லா இடத்திலும் சொன்னேன். ஆட்கள் கேட்கக் கேட்கக் கதைக்குச் சதை போட்டது. ஐந்தாம் நாள் கதையில் அவர் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டார். மாரியப்பன் அண்ணனின் சம்சாரம் வீடு தேடி வந்து, "வேற ஏதும் சொன்னாகளா?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை என்றேன். அதிலும் அவர் நிம்மதியாகத்தான் போனார்.

ஒன்பதாம் நாள் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். மொட்டைத் தலை, மூன்று கயிறு. மேசையில் ஒரு காகிதத்தில் கருகின சணல் நூல் கொஞ்சம் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீ வந்தது.

"பல்லு வெளக்குனதுல இருந்து சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழமை காலைல அண்ணாச்சி..."

"சனிக்கெழமை."

சொன்னேன். பல் விளக்கியது, வேன், வருகை, காலையில் நாலு லாட், மத்தியானம் மூணு லாட். அதில் கடைசி லாட்டில் ஏகப்பட்டது புஸ். எல்லாம் அலுமினியம் போட்ட ரகம். புஸ் ஆனதையெல்லாம் வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். நாலரை மணிக்கு எரிகுழிக்குக் கொண்டுபோக எடுத்தேன்.

"அப்புறம்?"

"மழை அண்ணாச்சி."

"மழை எனக்கும் தெரியும். அப்புறம்?"

அந்த "அப்புறம்" வரும் வரை, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது மறந்திருந்தது. அல்லது நினைவு இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனசு வரவில்லை. எது உண்மை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அண்ணாச்சி நாற்காலியை ஓர் எட்டு முன்னால் இழுத்துப் போட்டார்.

நடந்தது இதுதான். மழையில் குழி நிரம்பியிருந்தது, ஐந்தரை வேனுக்கு நேரமாகிவிட்டது. நனைந்த வெடி செத்த வெடி என்று நினைத்து, தொட்டியிலிருந்து அள்ளி, தண்ணீரைப் பிழிந்து, ஒரு சணல் சாக்கில் கட்டி, பதினாலாம் ரூமில் மரத்தட்டுகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். முழுக்க நனைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முழுக்கக் காய்ந்திருந்தாலும் தானாக ஒன்றும் ஆகியிருக்காது. அரை ஈரத்தில் அந்த அலுமினிய மருந்து நீர்த்துப்போய், தகரத்துக்கு அடியில் ராத்திரியும் காலையும் சூடேறி, நுரைத்து, காற்றை விட்டுவிட்டுக் கக்கியது. பத்து மணிக்கு மெதுவாக, பதினொன்றரைக்கு வேகமாக, பன்னிரண்டே முக்காலுக்கு இன்னும் வேகமாக. பிறகு வெடித்தது. நாலாம் பாட்டில் மூச்சு விட்டது நான் கட்டி வைத்த அந்தச் சாக்குதான்.